தேதி போடாத மணல் படம்

பாஸ்போர்ட் படத்துக்கு ஆறு மாதக் கெடு உண்டு. உடன்குடி பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு அந்தக் கெடுவைப் பற்றி வாடிக்கையாளரோடு வாதாடுவதே பாதிப் பிழைப்பு. "போன வருசம் எடுத்ததுதான அண்ணாச்சி, அதுக்குள்ள மூஞ்சி மாறிரவா செய்யும்?" என்பார்கள். மூஞ்சி மாறுகிறதோ இல்லையோ, எங்கள் ஊருக்குக் கிழக்கே கிடக்கும் கரை மாறிவிடும். ஆனியில் எடுத்த மணப்பாட்டுப் படத்தைத் தை மாதத்தில் கொண்டுபோய் அதே இடத்தில் நின்று ஒப்பிட்டால், மணல்திட்டு நீண்டிருக்கும், இல்லை வளைந்திருக்கும், இல்லை நடுவில் தண்ணீர் புகுந்திருக்கும். ஆகையால் கடற்கரை மணலைப் படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அழகாக எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேதி போடுங்கள்.

மணப்பாட்டுக்கு வருகிற கேமராக்கள் எல்லாம் குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவைக் கோவிலைப் பார்த்துத்தான் திரும்பும். அதில் தப்பில்லை. 1581-இல் கட்டிய கோவில். கீழே 1542-இல் வந்த பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. பக்கத்தில் கலங்கரை விளக்கம். ஆனால் அதே குன்றில் நின்று கோவிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் ஒரு பக்கம் திறந்த கடலும், இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து சேரும் கழியும், இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டும் தெரியும். கடலின் நீலமும் கழியின் பச்சையும் ஒட்டாமல் நிற்க, நடுவில் வெளுத்த ஒரு கோடு. அதுதான் என் படம். நாற்பது வயதுக்கு மேல்தான் அந்தப் பக்கம் திரும்பினேன். அதுவரை கல்யாணம், காதுகுத்து, குலசை தசரா. தசராவுக்குக் காளி வேடம் போட்டவர்களைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ பெரிய பெரிய லென்ஸ்களோடு குலசேகரன்பட்டினம் வருகிறார்கள். சூரசம்காரம் நடப்பதே கடற்கரையில்தான். அந்தக் கரையை மட்டும் எடுத்துப்போனவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

இந்தத் திட்டு எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்; தெரிந்தால் எங்கே நின்று எடுப்பது என்பதும் தெரிந்துவிடும். அலை கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை. சாய்வாக வருகிறது, மணலைச் சாய்வாக மேலேற்றுகிறது. திரும்பும்போது மட்டும் பள்ளம் பார்த்து நேராக இறங்குகிறது. இப்படி ஒவ்வோர் அலைக்கும் ஒரு மணல் துகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்கிறது. நாள் முழுக்க, வருடம் முழுக்க நகர்ந்தால் கரையோரமாக ஒரு மணல் ஆறே ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம். குன்று, முனை, கழிமுகம் என்று கரை சட்டென்று மடங்கும் இடத்தில் அந்த ஓட்டம் வேகம் குறைந்து சுமையை இறக்கிவிடுகிறது. ஒரு முனை கரையோடு ஒட்டியிருக்க மறுமுனை நீருக்குள் நீளும் திட்டு அப்படி வளர்வதுதான். அது வளர்ந்து பெரிதாகி, புயலிலோ வெள்ளத்திலோ அறுந்து தனியாகிவிட்டாலும் சரி, கரைக்கு இணையாகத் தனியே எழுந்தாலும் சரி, அதைத் தடுப்புத் தீவு என்கிறார்கள். பெரிய கடலின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, பின்னாலிருக்கும் கழியையும் கரையையும் காப்பாற்றுவதால் அந்தப் பெயர்.

தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் இதன் பெரிய உருவம் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் அந்தத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட் விடுகிறார்கள். அடுத்த ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியது எங்கள் குலசேகரன்பட்டினத்தில். தெற்கு நோக்கி விட்டால் இலங்கையைச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை என்பது காரணம். ராக்கெட்டுக்காரர்களுக்கும் மணலுக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் போலிருக்கிறது.

மணப்பாட்டு மீனவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவையில்லை. தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்தைச் சோநீவாடு என்றும் வடக்கிலிருந்து தெற்கே இழுப்பதை வாநீவாடு என்றும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். வலை எந்தப் பக்கம் போகும் என்பதுபோலவே திட்டின் நுனி எந்தப் பக்கம் மடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நான் முக்காலியை ஊன்றி நுனியைக் குறிபார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "என்ன தம்பி, வாயையா எடுக்க? வாடை வுழுந்த பொறவு வா. இது இங்க இருக்காது." கார்த்திகையில் போனேன். அவர் சொன்னபடியே கழியின் வாய் இடம் மாறியிருந்தது. அவருடைய கணக்கில் அது செய்தியே இல்லை.

எல்லோரும் மணல் என்றால் ஒரே நிறம் என்று நினைக்கிறார்கள். எங்கள் கரையில் அப்படி இல்லை. காலையில் அலை வடிந்த ஈரத்தில் குனிந்து பார்த்தால் வெளிர்மஞ்சள் மணலுக்கு நடுவே ரோஸ் நிறத்தில் ஒரு வரி, அதை ஒட்டி மைக்கறுப்பில் ஒரு வரி ஓடும். ரோஸ் நிறம் கார்னெட், கறுப்பு இல்மனைட். இரண்டும் சாதாரண மணலைவிடக் கனமானவை. கடல் கொந்தளித்துக் கரையை அரிக்கும்போது லேசான மணலை அள்ளிக்கொண்டு போகிறது, தூக்க முடியாத கனத்தைப் போட்டுவிட்டுப் போகிறது. கறுப்பும் சிவப்பும் பளிச்சென்று மேலே கிடந்தால், அங்கே அண்மையில் மணல் போயிருக்கிறது என்று பொருள். அமைதியான மாதங்களில் புது மணல் வந்து மூடியதும் வரிகள் மறைந்துவிடும். எனவே இந்த வண்ணக் கோடுகள் வெறும் கோலம் இல்லை. படம் எடுத்த நாளுக்கு முன் கடல் என்ன செய்தது என்பதற்கான சாட்சி. அவற்றை எடுக்க வெயில் ஏறக் கூடாது. ஈரம் காய்ந்ததும் ரோஸ் நிறம் பாதி செத்துவிடும். சூரியன் கிளம்பிய அரைமணி நேரத்துக்குள், கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, வரி ஓரத்திலிருந்து உள்ளே ஓடுகிற மாதிரி வைத்து எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு காசோ செருப்போ வைத்தால் அளவு தெரியும். காட்சிக்கு அசிங்கம், பதிவுக்கு அவசியம். நான் இரண்டு விதமாகவும் எடுத்து வைக்கிறேன்.

இந்தக் கறுப்பு மணலுக்காகத்தான் பல ஆண்டுகள் லாரிகள் ஓடின. கரையோரக் கனிம மணல் எடுப்பதற்குத் தமிழக அரசு 2013-இல் தடை போட்டது. அதற்கு முன்னால் யாராவது மாதா மாதம் ஒரே இடத்திலிருந்து கரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் பின்னால் எழுந்த பாதிச் சண்டை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கரையைவிட்டு உள்ளே வந்தால் தேரி. குதிரைமொழித் தேரியில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், அது செம்மண் இல்லை, சிவப்பு மணல். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் காற்று கொண்டுவந்து குவித்த மணலின் ஒவ்வொரு துகளுக்கும் இரும்புத் துரு மேல்பூச்சுப் பூசியிருக்கிறது. 1956-இல் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தத் தேரிகளில் கிடைத்த கற்காலச் சிறு கருவிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடலோரத்து மணல் இளசு என்றால் இது கிழம். படம் எடுக்கிறவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம்: கேமராவை ஆட்டோவில் விட்டால், இவ்வளவு சிவப்பு இருக்க முடியாது என்று அதுவாகவே முடிவு செய்து நிறத்தைக் கழுவிவிடும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியிலும் இதற்கு வழி இருக்கிறது. ஆடி மாதக் காற்றில் மேற்பரப்பில் அலையலையாக மடிப்பு விழும். மடிப்பின் செங்குத்தான பக்கம் காற்று போன திசையைக் காட்டும். மாலை வெயில் சாயும்போது அந்தப் பக்கம் நிழல் கட்டும். பனைகளைச் சட்டத்துக்குள் விடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பனை இல்லாத தேரிப் படம் எடுத்து உடன்குடிக்காரனிடம் காட்டினால், ராஜஸ்தான் போயிருந்தீர்களா என்று கேட்பான்.

தூத்துக்குடிக்கு எதிரே இருப்பவை வேறு ஜாதித் தீவுகள். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அவற்றில் வான் தீவு, கோஸ்வாரி, காரியச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடிப் பக்கம். முத்துக் குளித்த காலத்தில் பார் என்றால் முத்துச்சிப்பிப் படுகை. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்துபோனது. இந்தத் தீவுகளைத் தாங்கி நிற்பது பவளப் பார். உடைந்த பவளமும் சிப்பித் தூளும்தான் தீவின் மணல். ஆற்று மணல் திட்டு அழிந்தால் ஆறு மறுபடியும் கொண்டுவரும். பவளத் தீவுக்கு மணல் கொடுப்பது பவளமேதான். அதை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றி அனுப்பினோம், பல ஆண்டுகள். அலையைத் தடுக்க முன்னால் பாரும் இல்லை, நிரப்பப் புதிய மணலும் இல்லை. விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது. 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த காரியச்சல்லியில் இன்று நான்கில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. வான் தீவுக்கு முன்னால் 2015 முதல் கான்கிரீட்டில் செய்த செயற்கைப் பார்களை இறக்கினார்கள். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் பங்கெடுத்தது. தேய்வது நின்று மணல் சேரத் தொடங்கியதால் இப்போது காரியச்சல்லிக்கும் அதே வைத்தியத்தைக் கொண்டுபோகிறார்கள்.

இந்தத் தீவுகளைப் படம் எடுப்பது எளிதல்ல. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. இறங்கக் கூடாது என்பதே என் கட்சி. அனுமதியோடு போகிற ஆராய்ச்சிப் படகில் இடம் கிடைத்தால் தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுக்கலாம். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். தீவு என்றால் மலை, மரம், பாறை என்று சினிமா பழக்கியிருக்கிறது. இவையோ கடல் மட்டத்திலிருந்து ஆள் உயரம்கூட எழாதவை. வானத்துக்கும் நீருக்கும் நடுவே பென்சிலால் இழுத்தது போல ஒரு கோடு, அவ்வளவுதான். சட்டத்தில் தொண்ணூறு சதவீதம் நீலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிறகு புரிந்தது, அந்த அற்பமான உயரம்தான் செய்தி. ஒரு பெரிய அலைக்கும் அந்தத் தீவுக்கும் எவ்வளவு இடைவெளி என்று காட்ட, படகை ஒட்டி எழும் அலையை முன்னால் வைத்துத் தீவைப் பின்னால் வைத்தால் போதும். படகு ஆடும் என்பதால் ஷட்டர் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாமல் வைக்க வேண்டும். முக்காலி படகில் உதவாது, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுப்பதுதான். காலை எட்டு மணிக்கு மேல் போகவே வேண்டாம். சூடான காற்றில் கானல் எழுந்து தீவு நீரிலிருந்து பிரிந்து அந்தரத்தில் மிதப்பது போலத் தெரியும். பார்க்க வேடிக்கை. ஆனால் கரைக்கோடு எங்கே என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மற்றக் கருவிப் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெள்ளை மணலைக் கண்டால் கேமராவின் மீட்டர் பயந்து இருட்டாக எடுக்கும். ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள். போலரைசர் போட்டால் கழியின் மேல் மினுக்கம் போய் அடித்தரை தெரியும்; அதைச் சுழற்றிப் பார்த்து மினுக்கம் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். மணல் பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ட்ரோன் விட நினைப்பவர்கள் 2021 ட்ரோன் விதிகளின் வரைபடத்தை முதலில் பாருங்கள். தேசியப் பூங்கா மேலும் ஏவுதளப் பக்கமும் நம் இஷ்டத்துக்கு விடுவதற்கில்லை. தை முதல் பங்குனி வரை இரவில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரையில் டார்ச்சும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் மிதிக்காதீர்கள். முன்புறத்தில் அழகாக இருக்கும் என்று எல்லோரும் அவற்றின் மேலேயே போய் உட்காருகிறார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டும்தான்.

இனி தேதி விஷயம். 2017-இல் சிட்னியில் கோஸ்ட்ஸ்நாப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கடற்கரையில் ஒரு கம்பத்தில் கைப்பேசி வைக்க ஒரு தாங்கி, அவ்வளவுதான் முதலீடு. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் கைப்பேசியை அதில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புகிறார்கள். இடம் ஒன்று, கோணம் ஒன்று, நாள்தான் வேறு வேறு. அந்தப் படங்களிலிருந்தே கரை எத்தனை மீட்டர் முன்னும் பின்னும் போனது என்று கணக்கிடுகிறார்கள். நமக்குக் கம்பம்கூட வேண்டாம். மணப்பாட்டுக் குன்றின் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, குலசையில் படித்துறை மாதிரி அசையாத கட்டடங்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் கேமராவை வைத்து, ஒரே கோபுர நுனியை ஓரத்தில் பிடித்து, ஒரே ஜூமில் எடுத்தால் சரி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். எங்கள் பக்கம் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது என்றாலும், தட்டையான திட்டில் அரை மீட்டர் தண்ணீர் பல அடி மணலை விழுங்கிக் காட்டும். அதனால் தேதியோடு நேரத்தையும் எழுத வேண்டும். சூரிய உதயத்தை மட்டும் நம்பிக் கோணம் வைக்காதீர்கள்: ஆனிக்கும் மார்கழிக்கும் இடையே அது அடிவானத்தில் 47 டிகிரி நகர்ந்துவிடும்.

வீட்டிலிருந்தே பார்க்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் 1972 முதல் எடுத்த விண்வெளிப் படங்களும், ஐரோப்பாவின் சென்டினல் 2015-க்குப் பின் எடுத்தவையும் இலவசமாகக் கிடைக்கின்றன. நானும் பார்க்கிறேன். ஆனால் அவற்றில் ராவணன் மீசை தெரியாது, கறுப்பு வரி தெரியாது.

கரை ஒரே பக்கமாகத் தேய்வதுமில்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே வயலுக்கு நடுவே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் ஹேட்டரஸ் முனையில் இதற்கு நேர்மாறு. அங்கே தடுப்புத் தீவில் நின்ற கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கிவிட்டதால், 1999-இல் அந்த உயரக் கோபுரத்தை அப்படியே தூக்கிச் சுமார் 880 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள். நம் பக்கத்தில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அந்த வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் கருமேனியாற்று வாயை எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இரண்டும் மணப்பாடுதான் என்று நம்பவைக்கக் கோவில் கோபுரத்தைத் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

இயற்கைக் காட்சி என்று பெயர் வைத்துவிட்டுச் சிலர் குலசைக் கரையில் நின்று வடக்கே திரும்பமாட்டேன் என்கிறார்கள். அங்கே கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும், நிலக்கரி இறக்கக் கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாலமும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் அழித்துவிடுங்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஒரு பாலம் நின்றால் நீரோட்டமும் மணலும் அதைச் சுற்றி வேறு கணக்குப் போடும். அடுத்த பத்து ஆண்டில் கரை எங்கே நிற்கும் என்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். படத்தில் இருந்தால்தானே பார்க்க முடியும்? நான் அழிப்பதில்லை.

முன்பெல்லாம் 36 படம் எடுக்கும் ஃபிலிம் கேமராக்களில் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழும். கல்யாணப் பெண்ணின் சேலை மேல் வந்து உட்காரும் அந்த எண்களை நாங்கள் தொழில்காரர்கள் வெறுத்தோம். பாதிப் பேருக்கு அதைச் சரியாக வைக்கவும் தெரியாது. எல்லாப் படத்திலும் 87 ஜனவரி 1 என்றே விழும். இப்போது பழைய ஆல்பம் ஸ்கேன் செய்ய வரும்போது அந்த எண்களைத்தான் முதலில் தேடுகிறேன். மணப்பாடு, குலசை, ஆலந்தலை, புன்னைக்காயல் பக்கத்துக் குடும்பங்களில் கல்யாணம் முடிந்ததும் ஜோடியைக் கடற்கரையில் நிறுத்தி ஒரு படம் எடுப்பது வழக்கம். ஞானஸ்நானம், கோவில் திருவிழா, மாமா துபாயிலிருந்து வந்த நாள், எல்லாவற்றுக்கும் பின்னால் கடல் இருக்கும். மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே திட்டின் நுனி தெரியும். கல்யாணத் தேதி பத்திரிகையில் அச்சாகியிருக்கும், ஆகவே கரையின் தேதியும் கிடைத்துவிடும். அப்படி 1970-களிலிருந்து சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறுகளில்தான் இடைவெளி அதிகம். அந்தக் காலத்தில் எல்லோரும் ஸ்டுடியோவுக்குள் சுவிட்சர்லாந்து திரைக்கு முன்னால் நின்றார்கள்; அந்தத் திரையை வாங்கிப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் வீட்டில் 1990-க்கும் 2004-க்கும் இடையே எங்கள் கரையில் எடுத்த படம் இருந்தால், முகம் சரியாக விழாதது, தலை வெட்டுப்பட்டது என்று ஒதுக்கி வைத்ததானாலும் பரவாயில்லை, உடன்குடி பஜாருக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேனுக்குக் காசு வேண்டாம். ஆல்பம் அன்று சாயங்காலமே திரும்பக் கையில் கிடைக்கும். அட்டைக்கு ஒட்டுப்போட வேண்டியிருந்தால் மட்டும் மறுநாள்.